எந்த வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பணம் அனுப்பும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே, பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டியதில்லை என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். டீக்கடையில் கேட்டு அந்தப் பக்கத்தை வாங்கிவந்து என் கடைச் சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் அத்தனையும் பணம் கொடுக்கிறவருக்குச் சொன்ன புத்தி. வாங்குகிறவனுக்கு வருகிற வினையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நான் வாங்குகிறவன். அதனால் இந்தக் கடிதம்.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாய்க்குச் சற்று முன்னால், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் 19 வருடமாகப் பஞ்சர் கடை நடத்துகிறேன். ஒரு கம்ப்ரஸர், மூன்று ஜாக்கி, கூடமாட ஒரு பையன். ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடிகிற சாலை இது. பஞ்சாப் லாரி, ராஜஸ்தான் மார்பிள் வண்டி, பெங்களூரிலிருந்து லீவுக்கு ஊர் போகிற கார் என்று எது வேண்டுமானாலும் என் கடை முன்னால் வந்து நிற்கும். நிற்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேரை நான் மறுபடி பார்க்கப் போவதில்லை.

ஜிபே வருவதற்கு முன்னால், ராத்திரியில் வரும் டிரைவர்களிடம் டீசலுக்கும் டோலுக்கும் போக மிச்சம் இருக்காது. ஜாக்கியையோ தார்ப்பாயையோ அடகு வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த நடையில் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். எடுக்க வராத இரண்டு தார்ப்பாய் இன்னும் என் கடைக் கூரை மேல்தான் கிடக்கின்றன. 2016 நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்த அந்த மாதம் முழுக்க நான் கடன் நோட்டில் எழுதியே பஞ்சர் ஒட்டினேன். யுபிஐ அதே வருடம் ஏப்ரலில் தொடங்கிவிட்டது என்று இப்போது சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அது வந்துசேரக் கொரோனா வர வேண்டியிருந்தது. 2020-இல் என் மகள்தான் போனில் ஏற்றிக் கொடுத்து, கடைத் தூணில் ஸ்கேனர் அட்டையையும் மாட்டினாள். அன்றோடு சில்லறைத் தகராறு ஒழிந்தது. அந்த வருடம் ஜனவரியிலிருந்தே யுபிஐக்குக் கடைக்காரனிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று அரசு விதி வைத்துவிட்டதால், 150 ரூபாய் அடித்தால் 150 ரூபாயும் எனக்கே வந்தது. பிறகு, வந்த பணத்தை வாய்விட்டுச் சொல்லும் சவுண்டு பாக்ஸ் வைத்தேன். மாதம் 125 ரூபாய் வாடகை. அதையும் முணுமுணுக்காமல்தான் கொடுத்தேன். ஏனென்றால் அது இல்லாத காலத்தில் ஒருவன் போலி ஆப்பில் பச்சை டிக் காட்டிவிட்டு, இரண்டு செகண்ட் ஹேண்ட் டயரை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இதையெல்லாம் சொல்வது, நான் இந்த முறைக்கு விரோதி இல்லை என்று தெரியத்தான்.

இந்த 2025ஆம் வருடம் செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை. பேட்ச், சொல்யூஷன், வால்வு எல்லாம் வாங்கும் சேலத்து மொத்தக் கடையில் 4,200 ரூபாய் பில். ஸ்கேன் செய்தேன், போகவில்லை. சர்வர் கோளாறு என்று நினைத்து டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அடித்தேன். போகவில்லை. இருப்பைப் பார்த்தால் 61,840 ரூபாய் பத்திரமாக நிற்கிறது. தெரிந்த கடை என்பதால், “அப்புறமா குடுங்க” என்று சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, உங்க அக்கவுண்ட் டெபிட் ஃப்ரீஸ் ஆகியிருக்கு” என்றார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வடக்கே ஒரு மாநிலத்தின் பெயர். நீளமாக ஒரு புகார் எண். பக்கத்தில் 350 என்று போட்டிருந்தது.

“முந்நூற்றைம்பது ஆயிரமாம்மா?”

“இல்லண்ணா. முந்நூற்றைம்பது ரூபாய்தான்.”

வெள்ளிக்கிழமையே முடக்கியிருக்கிறார்கள். நான் 12 ரூபாய்க்கு டீ குடித்தால் எஸ்எம்எஸ் அனுப்புகிற வங்கி, என் கணக்கையே பூட்டியதற்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பவில்லை. போனில் பழைய வரவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். செப்டம்பர் 3, மாலை 6.40-க்கு 350 ரூபாய் வந்திருக்கிறது. இரண்டு ட்யூப்லெஸ் பஞ்சரும் ஒரு வால்வுமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் 23 பேர் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அந்த 350 எந்த வண்டி, எந்த முகம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நடப்பது இதுதான். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பணம் பறிக்கிறார்கள். அது முதலில், யாரோ ஒருவரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கில் விழுகிறது. அங்கிருந்து நிமிடக் கணக்கில் பத்துக் கணக்குக்குப் பிரிகிறது, அந்தப் பத்திலிருந்து இன்னும் நாற்பதுக்குப் போகிறது. ஏமாந்தவர் சைபர் மோசடிக்கான புகார் எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்ததும், பணம் ஓடிய தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் வழியில் இருக்கும் கணக்குகளை வங்கிகள் நிறுத்துகின்றன. அந்த நாற்பதில் ஒரு கணக்குக்காரன் காரை எடுத்துக்கொண்டு தொப்பூர் வழியாகப் போயிருக்கிறான். ஆணி குத்தியிருக்கிறது. என் கடையில் நிறுத்தியிருக்கிறான். தடம் என் வாசலில் வந்து முடிந்துவிட்டது.

ஐந்நூறு ரூபாய் நோட்டு கொடுத்தால் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். காந்தி தெரிகிறாரா, பச்சை இழை ஓடுகிறதா, தடவினால் கோடு நிரடுகிறதா என்று பார்க்கத் தெரியும். சந்தேகம் என்றால் வேறு நோட்டு கேட்பேன். ஜிபேயில் வருகிற பணத்தை எந்த வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது? ‘இந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது?’ என்று கேட்டுவிட்டா பஞ்சர் ஒட்ட முடியும்?

இதில் ஒரு கூத்து உண்டு. டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் வெளியே போகாது, ஆனால் உள்ளே வரும். எலிப்பொறி மாதிரி. வங்கியிலிருந்து நான் திரும்பி வந்து பஸ் இறங்கும்போது, “நூற்றைம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று என் கடை சவுண்டு பாக்ஸ் கூவுகிறது. பையன் பாவம், விஷயம் தெரியாமல் யாரையோ ஸ்கேன் செய்ய வைத்திருக்கிறான். ஓடிப்போய்ப் பிடுங்கி வைத்தேன். அக்டோபர் 1 ஆயுத பூஜைக்குக் கம்ப்ரஸருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, அலமாரியில் ஊமையாகக் கிடந்த அந்தப் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டான் பையன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதே வாரம் பெட்டிக்காரக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தார், அக்கவுண்டில் வாடகை பிடிக்க முடியவில்லை என்று!

‘ஸ்கேனர் இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கார்காரர்களில் பாதிப் பேர் அட்டையைப் பார்த்துவிட்டு, காற்று குறைந்த டயரோடு அடுத்த கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து டீக்கடை அக்கா கொஞ்ச நாள் தன் ஸ்கேனரில் வாங்கி எனக்குக் காசாகக் கொடுத்தது. பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. என்னிடம் வந்த மாதிரி ஒருவன் அக்காவிடமும் வந்தால், அந்தக் கடையும் அல்லவா படுக்கும்? வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு பெண்மணி வந்தார். தானே கார் ஓட்டி வந்திருக்கிறார். கையில் ரொக்கமாகப் பத்து ரூபாய்கூட இல்லை. போனை நீட்டிக்கொண்டே நிற்கிறார். நான் ஸ்டெப்னியை மாற்றிக் கொடுத்து, போங்கம்மா என்று அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஒரு பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி, மடித்த நியூஸ் பேப்பருக்குள் 200 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். தார்ப்பாய் அடகு வைத்த காலத்துக்கே திரும்பிவிட்டோம்.

அந்த 61,840 ரூபாயில் மகளின் செமஸ்டர் பீஸ் 22,500 இருந்தது. மூன்று வட்டிக்கு 25,000 வாங்கிக் கட்டினேன். கம்ப்ரஸர் லோனுக்கு 5ஆம் தேதி கணக்கிலிருந்து எடுப்பார்கள். எடுக்க முடியவில்லை. பணம் இல்லாமல் திரும்பினால் அது வேறு விஷயம். பணம் இருக்கிறது, எடுக்க விடாமல் வைத்திருப்பதும் அதே வங்கிதான். ஆனாலும் 500 ரூபாய் அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் என் பெயரில் எழுதினார்கள். லோன் கொடுத்தவர்கள் தங்கள் பங்குக்கு 450 சேர்த்தார்கள். தீபாவளிக்குப் பையனுக்குத் துணி எடுத்துக் கொடுத்ததும் கைமாற்றில்தான்.

வங்கியில் கேட்டால், “நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா, அந்த ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க” என்கிறார்கள். ஸ்டேஷன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். மகள் இங்கிலீஷில் நாலு மெயில் போட்டாள். பதில் இல்லை. லேண்ட்லைன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் எடுத்தார்கள், இந்தியில் பேசினார்கள், எனக்குப் புரியவில்லை, வைத்துவிட்டார்கள். கடைசியில் கைகொடுத்தவர் ஹரியானா லாரி டிரைவர் ஒருவர். மாதம் ஒரு முறை இந்தப் பக்கம் வருகிறவர். பின் சக்கரத்தை நாங்கள் கழற்றிக்கொண்டிருந்தபோது பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, என் போனை வாங்கி அந்த ஸ்டேஷனோடு இருபது நிமிடம் பேசினார். அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ‘பஞ்சர்வாலா’ என்ற ஒரு சொல்தான். அதை மட்டும் ஏழெட்டு முறை சொன்னார். கடை போட்டோ, ஆதார், அன்றைய வரவு எல்லாம் வைத்து ஒரு மனு அனுப்பச் சொன்னார்கள் என்றார். கம்ப்ரஸரும் போர்டும் தெரிகிற மாதிரி என்னை நிற்க வைத்து மகள் படம் எடுத்தாள். குற்றவாளியைப் படம் எடுக்கிற மாதிரிதான் இருந்தது.

1930 வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். போன வருடம் என் மச்சானிடம், பழைய பைக்கை வாங்குகிறேன் என்று ஒருவன் பேசி, பணம் போடுவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் ரிக்வெஸ்ட்டை அனுப்பினான். மச்சான் பின் நம்பரைப் போட்டு 18,000 போயிற்று. அரை மணி நேரத்துக்குள் 1930-க்குப் போன் அடித்ததால்தான் 11,000 நின்றது, பிறகு திரும்பியும் வந்தது. அந்தக் கேட்டு வாங்கும் வசதியை, ஆளுக்கு ஆள் அனுப்புவதில், இந்த அக்டோபர் 1 முதல் எடுத்தே விட்டார்கள். நல்ல காரியம். மச்சான் பணம் நின்ற அன்று அந்தப் பக்கத்தில் யாராவது என்னைப் போல ஒரு கடைக்காரன் மாட்டியிருப்பானோ என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது.

பணம் கொடுக்கிறவருக்கு விதிகள் இருக்கின்றன. அவர் தப்பு எதுவும் இல்லாமல் வெளியாள் யாரோ கணக்கிலிருந்து திருடினால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் அவருக்கு இல்லை என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டது. 2019-இல் இன்னொன்று போட்டது: யுபிஐயில் ஒருவர் அனுப்பிய பணம் அவர் கணக்கில் கழிந்து, எதிராளிக்குச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. என் பணம் எனக்கே 45 நாள் சேரவில்லை. அந்தக் கணக்கில் 4,500 ரூபாய் கேட்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டு டீ சொன்னார்.

தருமபுரியில் ஒரு வக்கீலையும் பார்த்தேன். திருட்டுப் பொருள் என்று சந்தேகப்பட்டால் அதைக் கைப்பற்றப் போலீஸுக்கு அதிகாரம் உண்டு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 106ஆம் பிரிவு என்றார். கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறதாம். சந்தேகம் 350 ரூபாய் மேல், பூட்டியது 61,840. இது சரியா என்று கேட்டேன். 2023-இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-இல் நமது சென்னை உயர் நீதிமன்றமும், பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியைக் கணக்குக்காரர் புழங்க விட வேண்டும் என்ற வகையில் உத்தரவு போட்டிருக்கின்றன என்றார். டெல்லியில் சோளே பட்டூரே விற்கும் தெருவோர வியாபாரி ஒருவருக்கு 105 ரூபாய்க்காகக் கணக்கை முடக்கி, அவர் உயர் நீதிமன்றம் வரை போய்த் திறக்க வைத்த கதையும் சொன்னார். சரி, நானும் போகிறேன் என்றால் எவ்வளவு ஆகும்? வக்கீல் சொன்ன தொகையை இங்கே எழுதவில்லை, என் கம்ப்ரஸர் விலையில் பாதி அது.

உயர் நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித்தான் வங்கிக்கு இது தெரிய வேண்டுமா? இந்த ஆகஸ்டில் மட்டும் நாடு முழுக்க 2,000 கோடி முறைக்கு மேல் யுபிஐயில் பணம் கைமாறியதாக உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அத்தனைக்கும் கணக்கு வைக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, 350-ஐ மட்டும் ஒதுக்கி நிறுத்திவிட்டு மீதியை விடத் தெரியாதா? தெரியும். லியன் என்று அதற்கு வங்கியில் பெயரே இருக்கிறது. கவுன்டரில் இருந்த பெண்ணே சொன்னார். முழுக் கணக்கையும் பூட்டுவது அவர்களுக்குச் சுலபம், அவ்வளவுதான்.

கடைக்காரன் கணக்கில் சிறு தொகை வந்து விழுந்தால் அந்தத் தொகையை மட்டும் பிடியுங்கள் என்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். பிடித்த அன்றே, தமிழில், எந்த ஊர் ஸ்டேஷன், என்ன புகார் எண், எந்த நம்பரில் பேச வேண்டும் என்று எஸ்எம்எஸ் வர வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். மாவட்டத்துக்கு மாவட்டம் நம் காவல்துறை சைபர் கிரைம் ஸ்டேஷன் வைத்திருக்கிறது. நான் அங்கே போய், சார் இது என் கடை, இது என் வரவு, வந்து பாருங்கள் என்று காட்டினால், அவர்கள் பார்த்து எழுதி அந்த மாநிலத்துக்கு அனுப்பக் கூடாதா? என் கடைக்கு வந்து ஒரு டீ குடித்தாலே தெரிந்துவிடும் நான் பஞ்சர் ஒட்டுகிறவனா, பணம் திருடுகிறவனா என்று. அந்த ஹரியானா டிரைவர் செய்ததைத்தான் செய்யச் சொல்கிறேன். வங்கியே பூட்டிவிட்டு வங்கியே போட்ட 590 ரூபாயையும் திருப்பித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பெங்களூரில் பார்த்தோமே. இந்த வருடம் ஜூலையில் யுபிஐ வரவைக் கணக்கிட்டுச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், ஸ்கேனரைக் கழற்றிவிட்டு ‘நோ யுபிஐ’ என்று போர்டு மாட்டினார்கள். அது வரி விவகாரம், வேறு வழக்கு. ஆனால் பயந்த கடைக்காரன் முதலில் கை வைப்பது அந்த அட்டையில்தான். நானும் அதைத்தான் செய்தேன்.

அக்டோபர் 27, திங்கட்கிழமை காலை என் கணக்கு திறந்தது. யார் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்று இன்றுவரை ஒரு காகிதம் இல்லை. கம்ப்ரஸர் தவணையை எடுத்துக்கொண்டதாக எஸ்எம்எஸ் வந்ததை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது. ஸ்கேனரை மறுபடி மாட்டியிருக்கிறேன். ராத்திரி கடை சாத்தும்போது அன்றைய வரவை இன்னொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறேன். கள்ளப்பணம் வைத்திருக்கிறவன் மாதிரி தினமும் இந்த வேலை.

அந்த 350 ரூபாய் மட்டும் இன்னும் லியனில் நிற்கிறது. அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏமாந்தவர் யாரோ, எந்த ஊரோ, அவருக்கு எவ்வளவு போயிற்றோ எனக்குத் தெரியாது. அவர் கணக்கு எண்ணைச் சொன்னால் இன்றைக்கே ஜிபே செய்துவிடுகிறேன். மூன்று முறை கேட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரர்,
தொப்பூர், தருமபுரி மாவட்டம்.
நவம்பர் 2025

(என் பெயரைப் போட வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். மன்னிக்கவும்.)